கடைசி ரேஸ் இல்லாத பந்தயம்

"குதிரை ரேஸ் சூதாட்டம் கிடையாது, சுப்ரீம் கோர்ட்டே திறமைன்னு சொல்லிடுச்சு." இந்த வரியை வடசென்னையில், தண்டையார்பேட்டையிலும் காலடிப்பேட்டையிலும் எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டுவிட்டேன். டீக்கடையில் நிற்பவர் சொல்கிறார். ஆட்டோ ஸ்டாண்டில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் சொல்கிறான். "ஐடி வேணுமா ப்ரோ" என்று வாட்ஸ்அப்பில் பந்தய ஆப்புக்குக் கணக்கு விற்கும் ஏஜென்ட்டின் குரல் பதிவிலும் இதே வரிதான். வரி பொய் இல்லை. 1996-ல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு எதைப் பார்த்து எழுதப்பட்டது, இன்று எதை விற்பதற்காக எடுத்துக் காட்டப்படுகிறது என்று யோசித்தால் எனக்கு வயிறு எரிகிறது. ரொம்ப நாளாக மனதில் கிடந்த இந்த விஷயத்தை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டி.எச். ரோட்டில் ஒரு சின்ன வரிக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜூன், ஜூலை வந்தால் ரிட்டர்ன் போட வருகிறவர்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பக்கம் பக்கமாகப் பார்ப்பதுதான் வேலை. ஒரு குடும்பத்தின் வருஷம் முழுக்க அதில் தெரியும். பால், சீட்டுப் பணம், ஸ்கூல் ஃபீஸ், நகைக் கடன் வட்டி. இவற்றுக்கு நடுவே சிலருடைய ஸ்டேட்மென்ட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் ஐந்நூறு, ஐந்நூறு, ஆயிரம், மறுபடி ஐந்நூறு என்று யுபிஐ போயிருக்கும். போன இடம் ஏதோ டிரேடர்ஸ், ஏதோ என்டர்பிரைசஸ், ஏதோ மொபைல் கடை. மறு வாரம் பார்த்தால் வேறு பெயர்கள். "இது என்ன செலவுங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. வற்புறுத்திக் கேட்டால், "அது லீகல்தான் மேடம்" என்பார்கள். என்ன செலவு என்ற கேள்விக்கு லீகல் என்று பதில் வரும்போதே பாதி புரிந்துவிடும்.

எங்கள் பக்கத்து வீட்டு மாமாவும் ஒரு நாள் எது லீகல் என்ற கேள்வியோடுதான் வந்தார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ஏம்மா, கவர்மென்ட் கணக்குலாம் பாக்குற. வூட்லயே உக்காந்து ரேஸ்ல துட்டு கட்ட, சட்டப்படி வழி எதுனா கீதா? பாத்து சொல்லு. திருட்டுத்தனம்லாம் வேணாம்." கடைசி வாக்கியத்தை அவர் அழுத்திச் சொன்னார். சட்டப்படி என்பதை அவர் மனதாரவே கேட்டார். போலீஸுக்குப் பயந்து கேட்கவில்லை. அப்படிக் கேட்கும் மனிதருக்குச் சரியான பதில் சொல்லியாக வேண்டும் என்றுதான் நான் இதற்குள் இறங்கினேன்.

கிண்டிக்குப் போன மனிதர்

கிண்டி ரேஸ் மைதானத்தில் மாமா ஆடிய ஆட்டத்தை நான் புனிதப்படுத்தப் போவதில்லை. அத்தையிடம் கேட்டால் வேறு கதை சொல்வார். தோட்டை அடகு வைத்தது, பெரிய பெண்ணின் டியூஷன் பணம் போனது எல்லாம் அவருக்கு வருஷம், மாதத்தோடு ஞாபகம் இருக்கிறது. "கிண்டில போனாலும் போனதுதான், போன்ல போனாலும் போனதுதான்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு யாரும் கிண்டியைப் பற்றிப் பெருமையாக எழுதக்கூடாது.

ஆனாலும் அந்தப் பழைய ஆட்டம் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் இப்போது என்ன மாறியிருக்கிறது என்று புரியும். ரேஸ் நாளன்று மாமா காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பீச் ஸ்டேஷன் போய் மின்சார ரயில் பிடிப்பார். கூடவே கொருக்குப்பேட்டைக்காரர் ஒருவர், முன்பு பின்னி மில்லில் வேலை பார்த்த ஒருவர். கையில் ரேஸ் புக். அதில் ஒவ்வொரு குதிரையின் அப்பன், ஆத்தா, பயிற்சியாளர், ஜாக்கி, சுமக்கப்போகும் எடை, முந்தைய ஓட்டங்களில் எத்தனையாவதாக வந்தது, எவ்வளவு தூர ஓட்டம் அது என்றெல்லாம் பொடி எழுத்தில் இருக்கும். ரயில் கிண்டிக்குப் போய்ச் சேருவதற்குள் மூன்று பேரும் பென்சிலால் அடித்துத் திருத்திச் சண்டை போட்டு முடித்திருப்பார்கள். எடைதான் முக்கியம் என்பார் மாமா. நன்றாக ஓடும் குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை என்று வைத்து எல்லாவற்றையும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதுதான் ஹேண்டிகேப். "அந்த ரெண்டு கிலோவுலதாம்மா சூட்சுமமே" என்பார்.

உள்ளே போனால் பந்தயப் பணம் வாங்கும் புக்கிகளின் பலகை ஒரு பக்கம், டோட் கவுன்டர் ஒரு பக்கம். டோட்டில் எல்லாருடைய பணமும் ஒரே குவியலில் விழும். வரி, கிளப்பின் கமிஷன் போக மீதியை ஜெயித்த டிக்கெட்டுகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். வின், பிளேஸ், ஃபோர்காஸ்ட், முதல் மூன்று குதிரைகளையும் வரிசை மாறாமல் சொல்லவேண்டிய டனாலா, ஜாக்பாட் என்று வகை வகையாக உண்டு. மாமா பெரும்பாலும் பிளேஸ்தான், குதிரை முதல் சில இடங்களுக்குள் வந்தாலே போதும். ஒரு ரேஸ் முடிந்து அடுத்தது தொடங்க அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணியில் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுவார்கள், பார்க்கலாம். டீ குடிக்கலாம். கையில் இருக்கும் பணத்தை எண்ணிப் பார்க்கலாம். சாயங்காலம் கடைசி ரேஸ் முடிந்ததும் கவுன்டர் மூடும். பாக்கெட்டில் மிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டுக்குக் கிளம்பித்தான் ஆகவேண்டும். அடுத்த ரேஸ் நாள் வரைக்கும் ஒன்றும் செய்ய முடியாது.

கிண்டியில் 1777 வாக்கிலேயே குதிரை ஓடத் தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் வந்தது. 160 ஏக்கர் அரசு நிலத்தை 1946 முதல் 99 வருஷக் குத்தகைக்கு, வருஷத்துக்கு அறுநூற்றுச் சொச்சம் ரூபாய் வாடகையில் கிளப் வைத்திருந்தது. வாடகை பாக்கி 730 கோடி ரூபாய் என்று சொல்லி 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வாசலில் சீல் வைத்தது. அதே வருஷம் ஊட்டி ரேஸ் மைதானத்திலும் இதேபோல் நடந்தது. நிலம் மக்களுக்கு வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வெள்ளத்தில் வேளச்சேரி மூழ்குவதைப் பார்த்த யாரும் அந்தக் கிண்டி நிலத்தில் மழைநீர் தேங்கக் குளம் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. மாமாவுக்கு ஏற்கெனவே முட்டி வலி. சீல் வைத்த செய்தியை டிவியில் பார்த்த நாளோடு அவர் போவதை நிறுத்திவிட்டார். அதன் பிறகுதான் அவர் பார்வை போன் பக்கம் திரும்பியது. இல்லை, அவர் பார்வையைப் போன் பக்கம் திருப்ப ஆட்கள் இருந்தார்கள்.

தேடியபோது கிடைத்தவை

குதிரைப் பந்தயம், ஆன்லைன், சட்டப்படி என்று தமிழில் போட்டுத் தேடிப் பாருங்கள். "இந்தியாவில் சட்டப்பூர்வமான சிறந்த பந்தயத் தளங்கள்" என்று பக்கம் பக்கமாக வரும். படித்தால் எல்லாம் ஒரே அச்சு. முதலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. அடுத்து, வெளிநாட்டில் குராசாவ் போன்ற ஏதோ ஒரு தீவில் உரிமம் பெற்ற தளம், ஆகவே இந்தியாவில் ஆடத் தடை இல்லை என்று ஒரு தர்க்கம். கடைசியில் முதல் டெபாசிட்டுக்கு நூறு சதவீத போனஸ். எழுதியவருக்கு ஒவ்வொரு புது ஆளுக்கும் கமிஷன் போகிறது என்பது அடியில் சிறிய எழுத்தில் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது.

அந்தத் தர்க்கம் எங்கே உடைகிறது என்று வரி வேலை பார்ப்பவர்களுக்கு உடனே தெரியும். லாட்டரிச் சீட்டு, கால்பந்துப் பூல், ஸ்வீப்ஸ்டேக் போன்றவற்றுக்காக இந்தியாவிலிருந்து பணம் அனுப்புவதை அந்நியச் செலாவணி விதிகள் 2000-லிருந்தே தடுத்து வைத்திருக்கின்றன. குதிரைப் பந்தயத்தில் கிடைத்த வருமானத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் அதே தடைப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் அந்தத் தளங்கள் உங்களிடம் வெளிநாட்டுக் கணக்கைக் கொடுப்பதில்லை. ஏதோ ஊரில் யாரோ ஒரு ஏழையின் பெயரில் திறந்த கணக்கைக் கொடுக்கின்றன. நான் ஸ்டேட்மென்ட்டுகளில் பார்க்கும் டிரேடர்ஸும் என்டர்பிரைசஸும் இப்படிப்பட்டவைதான். நாளைக்கு வேறு மாநிலப் போலீஸ் அந்தக் கணக்கை முடக்கும்போது, அதிலிருந்து ஆயிரம் ரூபாய் ஜெயித்து வாங்கியவரின் சம்பளக் கணக்கும் சேர்ந்து முடங்கும். பெயர் தெரியாத ஊரின் சைபர் பிரிவுக்குப் போன் போட்டுக் கெஞ்சிக்கொண்டு உட்காரவேண்டும்.

அப்புறம் சட்டங்கள். தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றிய அந்தச் சட்டம்தான். இணையம் வழியாகப் பந்தயம் கட்டுவதையே ஆன்லைன் சூதாட்டம் என்ற வரையறைக்குள் அது வைத்திருக்கிறது. நடத்துபவருக்கு மட்டுமல்ல, ஆடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொல்லி அவற்றைத் தடையிலிருந்து விலக்கியது. அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடை அப்படியே நின்றது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தை இரண்டே நாளில் இரு அவைகளிலும் நிறைவேற்றியது. 22-ம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. திறமையா, அதிர்ஷ்டமா என்ற பழைய கேள்வியையே இந்தச் சட்டம் ஓரமாக வைத்துவிட்டது. எதுவாக இருந்தாலும் பணம் கட்டிப் பணத்தை எதிர்பார்த்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் என்றால் அதை நடத்தக் கூடாது, விளம்பரப்படுத்தக் கூடாது, வங்கிகள் அதற்குப் பணம் கொண்டுபோகக் கூடாது. நடத்துபவருக்கு மூன்று வருஷம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். இந்த மத்தியச் சட்டம் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. அதை எதிர்த்துப் போட்ட வழக்குகளை உச்ச நீதிமன்றம் தன்னிடமே வரவழைத்துக்கொண்டது. புல்தரையில் ஓடும் நிஜக் குதிரை மேல் போன் வழியாகப் பணம் கட்டுவது ஆன்லைன் ஆட்டமா என்று வக்கீல்கள் வாதாடலாம். கொரோனா காலத்தில் ரேஸ் நடத்தும் சில டர்ஃப் கிளப்புகள் தங்கள் டோட்டை இணையத்தில் திறந்ததையும் எடுத்துக் காட்டலாம். அந்த வாதத்தில் யார் ஜெயிப்பார்கள் என்பதன் மேல் பென்ஷன் பணத்தை வைக்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தீர்ப்பை உட்கார்ந்து படித்தபோது

எல்லாரும் மேற்கோள் காட்டும் அந்தத் தீர்ப்பை முழுதாகப் படித்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு. வழக்கின் வேர் நம் ஊரில்தான் இருக்கிறது. 1974-ல், கலைஞர் முதல்வராக இருந்தபோது, குதிரைப் பந்தயத்தை ஒழிக்கத் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது. 1986-ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில், கிளப்பையே அரசு எடுத்துக்கொள்ள இன்னொரு சட்டம் வந்தது. இந்த இரண்டுக்கும் எதிரான சண்டைதான் 1996 ஜனவரியில் முடிந்தது.

நீதிமன்றம் திறமை என்று எதைச் சொல்கிறது? குதிரையின் வேகமும் தாங்கு சக்தியும் வளர்ப்பாலும் பயிற்சியாலும் வருபவை. ஜாக்கி பயிற்சி பெற்ற ஆள். எடை, தூரம், முந்தைய ஓட்டம் எல்லாம் கணக்கில் வருகின்றன. பந்தயம் கட்டுபவர் இதையெல்லாம் ஆராய்ந்து கட்டுகிறார். ஆகவே இது சீட்டுக் குலுக்கல் போன்றதல்ல. இதைப் படித்தபோது பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறிய மூன்று பேரின் பென்சில் கோடுகளைத்தான் நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி இருக்கிறது. எந்த ஏஜென்ட்டும் அதை அனுப்புவதில்லை. 1888-ம் வருஷத்துச் சென்னை நகரக் காவல் சட்டத்திலும் 1930-ம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்திலும் பந்தயம் கட்டுவது சூதாட்டம் என்ற வரையறை இருந்தது. அதில் குதிரைப் பந்தயத்துக்கு விலக்கு இருந்தது. அந்த விலக்கு சும்மா வரவில்லை. ஓட்டம் நடக்கிற அன்றைக்கே கட்டவேண்டும். ஓட்டத் திடலின் சுற்றுக்குள், அரசு அனுமதியோடு அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் கட்டவேண்டும். நாள், இடம், அனுமதி மூன்றும் வேண்டும். இந்த விலக்கை அரசு நீக்கியது. நீக்கினாலும் திறமை ஆட்டத்தைச் சூதாட்டம் ஆக்க முடியாது என்றது நீதிமன்றம். அது வேறு விஷயம். ஆனால் நம் ஊர்ச் சட்டம் குதிரைப் பந்தயத்தை அனுமதித்த காலமெல்லாம் அதற்கு ஒரு கிழமையும் ஒரு மதில் சுவரும் இருந்தன என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அத்தையின் காதுத் தோடு போன கதைகூட அந்தச் சுவருக்குள் நடந்ததால்தான் ஒரு தோட்டோடு நின்றது என்று நான் நினைக்கிறேன். அத்தை இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.

"குதிரை மூச்சு வாங்க வேணாமா?"

படித்ததையெல்லாம் மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்த அன்று அவருடைய பேரனும் இருந்தான். உணவு டெலிவரி பார்க்கிறான், இருபத்து மூன்று வயது. நான் தீர்ப்பு என்று ஆரம்பித்ததும், "அக்கா, நான் ஆடறதும் குதிரைதான். சுப்ரீம் கோர்ட்டு ஓகே சொன்னதுதான்" என்றான். அவன் ஆடுகிறான் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரியும். மாமா கோபப்படவில்லை. ஆர்வமாகிவிட்டார். "எங்க காட்டு, எந்த சென்டர்? பெங்களூரா, ஐதராபாத்தா?" என்று கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

பேரன் ஆப்பைத் திறந்து காட்டினான். பச்சைத் தரை, எட்டுக் குதிரைகள், கூட்டத்தின் இரைச்சல், ஆங்கிலத்தில் வர்ணனை. பார்க்க நிஜம் போலத்தான் இருந்தது. மாமா போனைக் கையில் வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தார். "ஜாக்கி யாருடா?" பேரனுக்குத் தெரியவில்லை. "வெயிட்டு எவ்ளோ போட்டுக்குது?" அதுவும் இல்லை. "போன ஓட்டத்துல மூணாம் நம்பர் எத்தினாவது வந்துது?" "அதெல்லாம் இதுல இல்ல தாத்தா. கலர் பாத்து, ரேட் பாத்து கட்டணும்." அதற்குள் ஓட்டம் முடிந்து, அடுத்த ஓட்டத்துக்கு மூன்று நிமிடம் என்று கடிகாரம் பின்னோக்கி ஓடத் தொடங்கியது. அதே குதிரைகள், வேறு பெயர்கள்.

மாமா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "மூணு நிமிசத்துல மறுக்கா ஓடுதா? குதிரை மூச்சு வாங்க வேணாமா?" அப்புறம் போனைப் பேரன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இது குதிரையே இல்லடா. பொம்மை. எவனோ உள்ள குந்திகினு ஓட்றான்" என்றார்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படித்துப் புரிந்துகொண்டதை அவர் ஒரு ஓட்டம் பார்த்துச் சொல்லிவிட்டார். திறமை என்று நீதிமன்றம் சொன்னதற்கு ஆதாரமாக இருந்த ஒவ்வொன்றையும் அவர் தேடினார், ஒன்றுகூட அங்கே இல்லை. வர்ச்சுவல் ரேஸ் என்று இதற்குப் பெயர். கணினி எண்களைக் குலுக்கிப் போடுகிறது, படம் அதற்கேற்ப ஓடுகிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காட்டன் சூதாட்டம் என்று நம்பர் எழுதிக் கொடுப்பார்களே, அதற்கும் இதற்கும் உள்ளே வித்தியாசம் கிடையாது. காட்டன் எழுதுபவனைப் போலீஸ் பிடிக்கும்போது செய்தித்தாளில் ஒரு மூலையில் வருகிறது. இது பையனின் சட்டைப் பையில், குதிரைப் படம் போட்டு, உச்ச நீதிமன்றத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு இருபத்து நாலு மணி நேரமும் நடக்கிறது. தமிழ்நாடு 2003-ல் லாட்டரியைத் தடை செய்தபோது பெண்கள் எவ்வளவு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள் என்று அம்மா சொல்வார். இந்தத் தலைமுறைக்கு அதைவிட வேகமான லாட்டரி போனிலேயே வந்துவிட்டது.

அன்றைக்குப் பேரன் ஒரு விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டான். அவன் கணக்கில் நாற்பதாயிரத்துக்கு மேல் ஜெயித்ததாக ஆப் காட்டிக்கொண்டிருந்தது. எடுக்கப் போனால், "முதலில் முப்பது சதவீத வரி கட்டுங்கள், பிறகு பணம் வரும்" என்று கேட்டிருக்கிறார்கள். அவன் கடன் வாங்கி அதையும் கட்டிவிட்டான். அடுத்து "கன்வர்ஷன் சார்ஜ்" கேட்டிருக்கிறார்கள். அப்போதுதான் என்னிடம் வந்தான். இதை இங்கே பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன்: வருமான வரி அப்படி நடப்பதில்லை. குதிரைப் பந்தயத்தில் ஒரு தடவை ஜெயித்தது பத்தாயிரத்தைத் தாண்டினால் கொடுப்பவர் முப்பது சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். பிடித்தது உங்கள் பான் எண்ணில், வருமான வரித் தளத்தில் உள்ள உங்கள் வரிக் கணக்கில் தெரியும். ஜெயித்தவர் முதலில் யாரோ ஒருவரின் யுபிஐ-க்கு வரி அனுப்பும் முறை இந்த நாட்டில் எங்கும் கிடையாது. அப்படிக் கேட்ட நிமிடமே பணம் போய்விட்டது என்று தெரிந்துகொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் செய்கிறீர்களோ அந்த அளவுக்கு, போகும் வழியில் பணத்தை நிறுத்தும் வாய்ப்பு அதிகம். பேரன் தாமதமாகத்தான் வந்தான். கடைசியாகக் கட்டியதில் ஒரு பகுதி மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது.

நேர்வழியின் விலை

கோபத்தில் எல்லாப் பழியையும் ஆப் மேல் போட்டுவிட்டால் இன்னொரு பக்கம் மறைந்துவிடும். நேர்மையாக, மைதானத்துக்குப் போய், கவுன்டரில் டிக்கெட் வாங்கி ஆடுபவனுக்கு இந்த நாட்டில் என்ன மரியாதை இருக்கிறது? கட்டும் தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 40. ஜெயிக்கிறானோ தோற்கிறானோ, வரி முதலிலேயே போய்விடும். ஜெயித்தால் அதன் மேல் முப்பது சதவீத வருமான வரி. பத்து ரேஸில் தோற்று ஒன்றில் ஜெயித்தால், தோற்றதைக் கழித்துக் கணக்குக் காட்டவும் முடியாது. சொந்தமாகக் குதிரை வைத்துப் பராமரிக்கும் பணக்காரருக்கு அதில் வரும் நஷ்டத்தை நாலு வருஷம் வரை கொண்டுபோகச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிளேஸ் டிக்கெட் வாங்கும் மாமாவுக்கு அந்தச் சலுகை கிடையாது.

இதைச் சாக்காக வைத்துத்தான் கணக்கில் வராத புக்கி "டேக்ஸ் இல்லாம போடறேன் அண்ணே" என்று கூப்பிடுகிறான். கட்டியவனுக்கு அவன் பணம் கொடுக்காமல் ஓடினால் கோர்ட்டுக்கும் போக முடியாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. குதிரைக்கு அதில் ஒரு விதிவிலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் அது ஐந்நூறு ரூபாய்க்குக் குறையாத பரிசை ஜெயிக்கும் குதிரைக்குக் கொடுக்கச் சந்தா திரட்டுவதற்கானது. நீங்கள் கட்டிய பந்தயத்துக்கு அது பொருந்தாது. ஆக, உள்ளே இருப்பவனை வரி வெளியே தள்ளுகிறது. வெளியே வந்தவனை எந்தச் சட்டமும் காப்பாற்றுவதில்லை.

பந்தயத்தை முழுக்க ஒழிப்பதா, சுவருக்குள் வைத்துக் கண்காணிப்பதா என்பது அரசு முடிவு செய்யவேண்டியது. எனக்கு இரண்டாவதுதான் சரி என்று படுகிறது. எதைச் செய்தாலும் அதை மக்களுக்குத் தெரியும் தமிழில் சொல்லவேண்டாமா? ரேஷன் கடை வாசலிலும் மெட்ரோ ஸ்டேஷனிலும் நாலு வரி ஒட்டலாம்: போன் வழியாகப் பந்தயம் கட்டாதீர்கள், கட்டினால் உங்களுக்கும் தண்டனை உண்டு, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த ஆப்களுக்கு இல்லை, ஏமாந்தால் 1930. நான் பார்த்தவரை எங்கள் ஏரியாவில் அப்படி ஒன்று இல்லை. தீர்ப்பின் ஒரு வரி ஏஜென்ட் வழியாகக் காலடிப்பேட்டைச் சந்து வரைக்கும் வந்துவிட்டது. தீர்ப்பின் மீதியும் அதற்குப் பின் வந்த இரண்டு சட்டங்களும் கோட்டையைத் தாண்டி வடக்கே வரவில்லை.

மாமாவிடம் என் பதிலை ஒரு வழியாகச் சொன்னேன். உரிமம் உள்ள மைதானத்தில், ரேஸ் நாளன்று, கவுன்டரில் டிக்கெட் வாங்கினால் சட்டப்படி. தமிழ்நாட்டில் வீட்டில் உட்கார்ந்து போனில் கட்டுவதற்கு, இது சட்டப்படி என்று நான் பொறுப்பேற்றுச் சொல்லக்கூடிய ஒரு வழியும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப வேணாம், விடு" என்றார். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை, "நாப்பது வருசமா நான் சொன்னா காதுல ஏறல, நீ சட்டம்னு சொன்னதும் ஏறுது பாரு" என்றார். இப்போது காலடிப்பேட்டையில் ஏறினால் கிண்டி வரைக்கும் ஒரே மெட்ரோ, முட்டி வலிக்கு அது சௌகரியம் என்று மாமா மெல்ல ஆரம்பித்திருக்கிறார். அத்தை அந்தப் பேச்சை வளரவிடுவதில்லை.

பேரன் சம்பளக் கணக்கின் யுபிஐ வரம்பைக் குறைத்து வைத்திருக்கிறான், ஏடிஎம் கார்டு அத்தையிடம் இருக்கிறது. கடன் இன்னும் அடையவில்லை. ஏஜென்ட் புதுப் புது எண்களிலிருந்து வெல்கம் போனஸ் செய்தி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறான். வரும் ஒவ்வொரு எண்ணையும் மோசடி அழைப்புகளைப் புகார் செய்யும் அரசுத் தளமான சஞ்சார் சாத்தியின் சக்ஷு பக்கத்தில் பேரனே பதிவு செய்கிறான். போன வாரம் தன்னோடு டெலிவரி பார்க்கும் இரண்டு பையன்களை ஸ்டேட்மென்ட்டோடு எங்கள் அலுவலகத்துக்குக் கூட்டி வந்தான். அதில் ஒருவனிடம் ஆப் இப்போதுதான் முப்பது சதவீத வரி கேட்டிருக்கிறது. அவன் இன்னும் கட்டவில்லை.